துபாஷி என்றால் யார்?

இரண்டு மொழி தெரிந்தவர்கள் சென்னையிலும் புதுவையிலும் கொடிகட்டிப் பறந்த கதை

ஒருவருக்குத் தமிழ் தெரியாது. மற்றவருக்கு இங்கிலீஷ் தெரியாது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவரிடம் பணம் இருக்கிறது. மற்றவரிடம் துணி மூட்டை இருக்கிறது. வியாபாரம் நடந்தாக வேண்டும்.

என்ன செய்வது?

நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் வந்து உட்காருகிறார். அவருக்கு இரண்டு மொழியும் தெரியும். இவர் சொன்னதை அவருக்குச் சொல்கிறார். அவர் சொன்னதை இவருக்குச் சொல்கிறார். பேரம் முடிகிறது. இரண்டு பேரும் அவருக்கு நன்றி சொல்கிறார்கள். இரண்டு பேருமே அவரைக் கொஞ்சம் சந்தேகமாகவும் பார்க்கிறார்கள்.

அந்த மூன்றாவது ஆளுக்குத்தான் துபாஷி என்று பெயர்.

உங்கள் தாத்தாவின் தாத்தா காலத்தில் இந்தச் சொல்லைத் தெரியாதவர் சென்னைப் பட்டணத்தில் இருந்திருக்க மாட்டார். இன்று பழைய புத்தகங்களில்தான் அதைப் பார்க்கிறோம். ஆனால் இந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் பெரிய சரித்திரமே இருக்கிறது. அதில் மாளிகை உண்டு, பல்லக்கு உண்டு, சிறைச்சாலையும் உண்டு.

சொல் எப்படி வந்தது?

வடமொழியில் 'துவி' என்றால் இரண்டு. 'பாஷா' என்றால் மொழி. இரண்டு மொழி பேசுகிறவர் 'துவிபாஷி'. இந்துஸ்தானியில் இரண்டுக்கு 'தோ' என்பார்கள். ஆகவே அங்கே 'தோபாஷி' என்றார்கள். அது தமிழில் துபாஷி, துபாசி என்று வழங்கியது. வெள்ளைக்காரர் வாயில் அதுவே 'துபாஷ்' ஆயிற்று. இங்கிலீஷ் அகராதியிலும் ஏறிக்கொண்டது.

நம் தமிழில் இதற்குச் சொல் இல்லையா? உண்டு. 'மொழிபெயர்ப்பு' என்ற சொல்லின் வேர் மிகப் பழையது. தொல்காப்பியத்திலேயே மொழிபெயர்ப்பைப் பற்றிய பேச்சு வருகிறது. 'பெயர்தல்' என்றால் இடம் மாறுதல். செடியைப் பெயர்த்து நடுவதுபோல, ஒரு மொழியில் உள்ளதைப் பெயர்த்து இன்னொரு மொழியில் நடுவது மொழிபெயர்ப்பு. நல்ல உவமை அல்லவா? வேர் அறுந்தால் செடி பட்டுப்போகும்!

ஆனால் கடற்கரையில் கப்பல்கள் வந்து நின்றபோது, மக்கள் வாயில் புழங்கியது துபாஷி என்ற சொல்தான்.

இன்னொரு வேடிக்கை. போர்த்துக்கீசியர் காலத்தில் இந்தியத் தாய்க்கும் ஐரோப்பியத் தந்தைக்கும் பிறந்த வழியினரை 'தோப்பாஸ்' என்று அழைத்தார்கள். கோட்டைகளில் சிப்பாய்களாகவும் மொழி சொல்கிறவர்களாகவும் அவர்கள் வேலை பார்த்தார்கள். அந்தச் சொல்லும் துபாஷி என்பதிலிருந்துதான் வந்தது என்று சில அறிஞர்கள் கருதுகிறார்கள். தொப்பி போட்டவர்கள் என்பதால் வந்த பெயர் அது என்று வேறு சிலர் சொல்கிறார்கள்.

வாஸ்கோடகாமா கண்ட முதல் ஆள்

1498-ம் ஆண்டு மே மாதம். வாஸ்கோடகாமாவின் கப்பல்கள் கள்ளிக்கோட்டைக்கு அருகே வந்து நங்கூரம் பாய்ச்சின. ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, பல மாதம் கடலில் மிதந்து வந்திருந்தார்கள். கரைக்குப் போய்ப் பேச வேண்டும். ஆனால் என்ன மொழியில் பேசுவது?

காமா தானே இறங்கவில்லை. கப்பலில் இருந்த ஒரு தண்டனைக் கைதியை முதலில் அனுப்பினார். அவனுக்குக் கொஞ்சம் அரபு மொழி தெரியும். போனால் போகட்டும் என்று அனுப்பப்பட்ட அந்த மனிதன்தான் அந்தப் பயணத்தில் இந்தியக் கரையில் முதலில் கால் வைத்தான்.

அவனை ஊர்மக்கள் யாரிடம் அழைத்துப் போனார்கள் தெரியுமா? வட ஆப்பிரிக்காவில் உள்ள தூனிஸ் நகரத்திலிருந்து வந்து தங்கியிருந்த இரண்டு முஸ்லிம் வியாபாரிகளிடம்! அவர்களுக்கு ஸ்பெயின் நாட்டு மொழி தெரிந்திருந்தது. உலகத்தின் இந்தக் கோடிக்கு வந்த பிறகு, தன் பக்கத்து நாட்டுப் பேச்சைக் கேட்ட அந்தக் கைதி திகைத்துப் போனான்.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. கப்பல் இருந்தால் மட்டும் போதாது; பீரங்கி இருந்தால் மட்டும் போதாது. பேசுவதற்கு ஒரு வாய் வேண்டும். கடல் கடந்து வந்த ஒவ்வொரு வெள்ளைக்காரரும் முதலில் தேடியது அந்த வாயைத்தான்.

சென்னைப் பட்டணத்தின் கதையும் இதுதான். 1639-ல் கும்பினியின் அதிகாரி பிரான்சிஸ் டே, நாயக்க மன்னரிடம் மணல் மேட்டில் கோட்டை கட்ட இடம் பெற்றார். ஈஸ்ட் இந்தியா கம்பெனியைத்தான் அந்நாளில் மக்கள் 'கும்பினி' என்றார்கள். அப்போது டேக்குத் துணையாக இருந்த துபாஷி பேரி திம்மப்பா என்பவர் என்று சென்னை வரலாறு சொல்கிறது.

பேச்சுக்குப் போனவர் பெட்டிச் சாவியும் வாங்கினார்!

வெறும் பேச்சை மாற்றிச் சொல்வதோடு துபாஷியின் வேலை நின்றுவிடவில்லை.

அந்தக் காலத்தில் சென்னையில் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நிற்கும். அலைமேல் தாவி வரும் மசூலாப் படகில் ஏறித்தான் கரைக்கு வர வேண்டும். நனைந்து, நடுங்கி, கரையில் இறங்குகிறான் ஓர் இளம் வெள்ளைக்காரன். கும்பினியில் எழுத்தர் வேலைக்கு வந்திருக்கிறான். வயது பதினேழோ பதினெட்டோ இருக்கும். சம்பளம் ஆண்டுக்கு ஐந்து பவுன். ஊர் தெரியாது, பேச்சுத் தெரியாது, யாரையும் தெரியாது.

அவன் முன்னால் வெள்ளை அங்கியும் தலைப்பாகையுமாக ஒருவர் வந்து கும்பிடுகிறார். "துரைக்கு வீடு வேண்டுமா? சமையல்காரன் வேண்டுமா? பல்லக்குத் தூக்க ஆள் வேண்டுமா? செலவுக்குப் பணம் வேண்டுமா?" எல்லாவற்றையும் அவரே ஏற்பாடு செய்துவிடுகிறார்.

ஐந்து பவுன் சம்பளத்தில் ஒருவன் எப்படி வாழ்வது? ஆகவே கும்பினி உத்தியோகஸ்தர்கள் சொந்தமாகவும் வியாபாரம் செய்தார்கள். அதற்கு முதல் யார் கொடுத்தது? பல சமயம் துபாஷிதான். நெசவாளர்களுக்கு முன்பணம் கொடுப்பார். துணியைத் தரம் பார்ப்பார். கணக்கு எழுதுவார். நவாப்பின் ஆட்களோடு பேசுவார். துரைக்குக் கடன் கொடுப்பார், வட்டியும் வாங்குவார்.

இப்படி, மொழி சொல்ல வந்தவர் தரகர் ஆனார். தரகர் காரியஸ்தர் ஆனார். காரியஸ்தர் கடன் கொடுக்கிறவர் ஆனார். வெளியில் பார்த்தால் துரை எஜமானர், துபாஷி வேலைக்காரர். உள்ளே பார்த்தால் துரையின் பெட்டிச் சாவியே துபாஷியின் இடுப்பில் இருந்தது!

இது நம் ஊரில் மட்டும் நடந்ததல்ல. வங்காளத்தில் இதே வேலையைச் செய்தவரைப் 'பனியன்' என்றார்கள். சீனாவில் கான்டன் துறைமுகத்தில் 'கம்ப்ரதோர்' என்றார்கள். அது போர்த்துக்கீசியச் சொல். வாங்குகிறவர் என்று பொருள்.

மொழி சொல்கிறவரை இங்கிலீஷில் 'இண்டர்பிரிட்டர்' என்கிறோமே, அது லத்தீன் மொழியிலிருந்து வந்தது. அதன் முற்பகுதிக்கு 'இடையில்' என்று பொருள். பிற்பகுதி, 'விலை' என்ற சொல்லுக்கு உறவு என்று பல அறிஞர்கள் நினைக்கிறார்கள். அப்படியானால், விலை பேசும் இடத்தில் நடுவே நிற்பவர்! ரோமாபுரியில் பிறந்த சொல்லுக்கும் சென்னைக் கடற்கரைத் துபாஷிக்கும் எவ்வளவு பொருத்தம் பாருங்கள்.

நைனியப்ப பிள்ளைக்கு நேர்ந்த கதி

நடுவில் நிற்பது சுகமான காரியம் என்று எண்ணிவிட வேண்டாம். இரண்டு பக்கத்து அடியும் நடுவில் நிற்பவன்மேல்தான் விழும்.

புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களின் தலைமைத் தரகராக இருந்தவர் நைனியப்ப பிள்ளை. செல்வாக்கு மிகுந்தவர். அவர் கிறிஸ்தவர் அல்லர். அதனால் ஏசு சபைப் பாதிரிமார்கள் அவர்மேல் மனத்தாங்கல் கொண்டிருந்தார்கள். கவர்னர் ஏபேரும் அவருக்கு எதிராகத் திரும்பினார். 1716-ல் நைனியப்பர் கைது செய்யப்பட்டார். மக்களைக் கொடுமைப்படுத்தினார், ஊரில் கலகம் மூட்டினார் என்று வழக்கு.

வழக்கு எப்படி நடந்தது? இங்கேதான் கவனிக்க வேண்டும்.

சாட்சிகள் தமிழில் சொன்னார்கள். எழுதப்பட்டதோ பிரெஞ்சு மொழியில். நைனியப்பர் பிரெஞ்சுக்காரர்களோடு பேசிப் பழகியது போர்த்துக்கீசிய மொழியில். அந்நாளில் கடற்கரை வியாபாரிகளுக்கெல்லாம் அதுதான் பொதுமொழி. பிரெஞ்சில் எழுதிய வழக்குக் காகிதத்தை அவரால் படித்துப் பார்க்க முடியாது. தமிழ்ச் சாட்சியத்தைப் பிரெஞ்சில் சொன்னவர் யார்? பாதிரிமார்களின் உபதேசியாருடைய மகன்!

பிறருக்காக வாழ்நாளெல்லாம் பேசிய மனிதருக்கு, தன் உயிர் ஊசலாடும் நேரத்தில் நம்பிக்கையான ஒரு வாய் கிடைக்கவில்லை.

அவருக்குப் பலர் முன்னிலையில் கசையடி கொடுத்தார்கள். சொத்தைப் பறிமுதல் செய்தார்கள். சிறையில் போட்டார்கள். 1717-ல் சிறையிலேயே அவர் உயிர் போய்விட்டது.

அவர் குடும்பத்தார் சும்மா இருக்கவில்லை. நடந்தது அநியாயம் என்று பிரான்சு தேசத்து அரசர் வரையில் முறையிட்டார்கள். புரியாத மொழியில் விசாரித்தார்கள் என்பதும் அந்த முறையீட்டில் ஒன்று. கடைசியில் தீர்ப்பு ரத்தாயிற்று. நைனியப்பர் குற்றமற்றவர் என்று ஆயிற்று. ஆனால் போன உயிர் திரும்பி வருமா?

அவர் மகன் குருவப்ப பிள்ளை கப்பலேறிப் பாரிஸ் நகரத்துக்கே போனார். அங்கே ஞானஸ்நானம் பெற்றார். அரசர் அவருக்கு வீரப்பட்டம் கொடுத்துக் கௌரவித்தார். புதுவைக்குத் திரும்பி வந்து, தந்தை வகித்த அதே பதவியில் அமர்ந்தார். 1724-ல் காலமானார்.

நாட்குறிப்பு எழுதிய துபாஷி

நைனியப்பருக்கு மைத்துனர் முறையானவர் திருவேங்கடம் பிள்ளை. சென்னையில் பெரம்பூரில் இருந்தவர். நைனியப்பர் அழைத்துத்தான் புதுவைக்குப் போனார். அவருடைய மகன்தான் புகழ்பெற்ற ஆனந்தரங்கம் பிள்ளை. பிறந்தது 1709-ல்.

உறவினருக்கு நேர்ந்த கதியைத் தெரிந்த குடும்பம். அப்படியும் பிள்ளை அதே தொழிலுக்கு வந்தார். தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியார் 1746-ல் காலமானார். அதன்பின் அந்தப் பதவி ஆனந்தரங்கம் பிள்ளைக்குக் கிடைத்தது. அப்போது புதுவையின் கவர்னர் துய்ப்ளே. இந்தியாவில் பிரெஞ்சு சாம்ராஜ்யம் கட்ட வேண்டும் என்று கனவு கண்டவர். அவர் கனவுக்குத் தமிழ் வாய் பிள்ளைதான்.

நவாப்புகளின் கடிதம் வந்தால் பிள்ளை வேண்டும். வியாபாரிகள் வழக்கோடு வந்தால் பிள்ளை வேண்டும். துணிக்கு விலை பேசப் பிள்ளை வேண்டும். ஊரில் நடக்கும் ரகசியம் தெரியவும் பிள்ளை வேண்டும்.

இவ்வளவு வேலைக்கு நடுவே அவர் ஒரு காரியம் செய்தார். 1736 செப்டம்பரில் தொடங்கி, சாகும் காலம் வரையில், நடந்ததையெல்லாம் தமிழில் எழுதி வைத்தார். கவர்னர் என்ன சொன்னார், தான் என்ன பதில் சொன்னார், எந்தக் கப்பல் வந்தது, எந்த வீட்டில் கல்யாணம், யார் யாருக்கு லஞ்சம் கொடுத்தார்கள் எல்லாம் அதில் இருக்கிறது. 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்த செய்தியும் இருக்கிறது. இலக்கணத் தமிழ் அல்ல. அன்றைக்குப் பேசிய தமிழ். படித்தால் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பேசுவதுபோல இருக்கும்.

ஏன் எழுதினார்? அவர் மனத்தில் இருந்ததை யார் கண்டார்கள்? ஆனால் ஒன்று நினைத்துப் பாருங்கள். நாளெல்லாம் பிறர் சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, தன் சொந்தப் பேச்சைப் பேச இருந்த இடம் அந்தக் குறிப்பு ஒன்றுதானே!

கவர்னர் மனைவிக்குத் தமிழ் தெரியும்!

அந்த நாட்குறிப்பில் பிள்ளை அடிக்கடி நொந்துகொள்வது ஒருவரைப் பற்றி. அவர் கவர்னரின் மனைவி ழான் துய்ப்ளே. அந்த அம்மாள் புதுவையிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசத் தெரிந்தவர்.

பிள்ளைக்கு அதனால் என்ன கஷ்டம்? யோசித்துப் பாருங்கள். கவர்னருக்குத் தமிழ் தெரியாது என்பதுதான் துபாஷியின் பலம். வீட்டுக்குள்ளேயே தமிழ் தெரிந்த ஒருவர் இருந்தால், மனுப் போட வந்தவர்கள் துபாஷியை விட்டு அம்மாளிடம் போய்விட மாட்டார்களா? அப்படித்தான் நடந்தது. அம்மாள் காரியங்களில் தலையிட்டார், வழக்குகளைக் கேட்டார், தமக்கென்று ஆட்களை வைத்துக்கொண்டார். துபாஷியின் கை தளர்ந்தது.

துபாஷியின் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. எஜமானருடைய அறியாமைதான் அவருடைய ஆஸ்தி!

துய்ப்ளே 1754-ல் பிரான்சுக்குத் திருப்பி அழைக்கப்பட்டார். பிள்ளையின் செல்வாக்கும் இறங்கிவிட்டது. சில ஆண்டுகளில் பதவியும் போயிற்று, உடம்பும் கெட்டது. 1761 ஜனவரி மாதம், புதுவை இங்கிலீஷ்காரர் கையில் விழுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு, அவர் கண்ணை மூடினார்.

அவருடைய நாட்குறிப்பு வெகுகாலம் மறைந்து கிடந்தது. 1846-ல் ஒரு பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசாங்கம் அதை இங்கிலீஷில் பெயர்த்து, 1904 முதல் 1928 வரையில் 12 பாகங்களாக வெளியிட்டது. துய்ப்ளேயின் சாம்ராஜ்யம் போய்விட்டது. துபாஷியின் எழுத்து நிலைத்துவிட்டது. புதுவையில் அவர் பெயரால் ரங்கப்பிள்ளை வீதி இன்றும் இருக்கிறது.

கெட்ட பெயரும் நல்ல பெயரும்

எல்லாத் துபாஷிகளும் நல்லவர்கள் என்று சொல்ல முடியுமா? முடியாது.

18-ம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் அவதானம் பாப்பையா என்ற துபாஷி இருந்தார். கவர்னராக இருந்த ஹாலண்ட் சகோதரர்களுக்கு நெருக்கமானவர். ஹாலிபர்ட்டன் என்ற அதிகாரி அவருக்கு இடைஞ்சலாக இருந்தார். அவர்மேல் பொய்க் குற்றம் ஜோடித்து, அவரைப் பதவியிலிருந்து விலக்கச் சதி செய்தார் என்று பாப்பையாமேல் வழக்கு வந்தது. 1792-ல் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. பிறகு இங்கிலீஷ் நாவலாசிரியர் வால்ட்டர் ஸ்காட் தம் கதை ஒன்றில் பாப்பையா என்ற துபாஷியைப் பாத்திரமாக்கினார். சென்னைச் சூளையில் அவதானம் பாப்பையர் தெரு என்று ஒரு தெரு உண்டு.

இப்படிப்பட்ட வழக்குகளால் துபாஷி என்ற சொல்லே கெட்டுப்போயிற்று. கும்பினியில் எது தவறினாலும் துபாஷிதான் காரணம் என்றார்கள். துரைமார்கள் வாங்கிய லஞ்சத்துக்கும் துபாஷியின் தலையே உருண்டது.

அதே காலத்தில் வாழ்ந்தவர்தான் பச்சையப்ப முதலியார். பிறந்தது 1754-ல். தகப்பனார் முகம் பார்க்காத பிள்ளை. தாயார் குழந்தைகளோடு ஆதரவு தேடிச் சென்னைக்கு வந்தார். அவர்களுக்குக் கைகொடுத்தவர் நாராயண பிள்ளை என்ற துபாஷி. அவர் நிழலில் வளர்ந்த பச்சையப்பர் இங்கிலீஷ் கற்றார்; இளம் வயதிலேயே துபாஷி ஆனார்; பெரும் பொருள் ஈட்டினார்.

1794-ல், நாற்பதாவது வயதில், திருவையாற்றில் காலமானார். அதற்கு முன்பே சொத்தைத் தர்மத்துக்கு எழுதி வைத்துவிட்டார். பல ஆண்டு வழக்குக்குப் பிறகு, கோவில் கைங்கரியங்களுக்குப் போக எஞ்சிய பணத்தைக் கல்விக்குச் செலவிடலாம் என்று நீதிமன்றத்தில் முடிவாயிற்று. 1842-ல் பள்ளிக்கூடம் வந்தது. பிறகு அது பச்சையப்பன் கல்லூரி ஆயிற்று. கணித மேதை ராமானுஜம் அங்கே சிறிது காலம் படித்தார். அறிஞர் அண்ணா அங்கே படித்துப் பட்டம் பெற்றார்.

ஒரு துபாஷி சேர்த்த பணம், ஆயிரமாயிரம் பிள்ளைகளை இரண்டு மொழி தெரிந்தவர்கள் ஆக்கியது!

துருக்கியில் ஒரு துபாஷி

துபாஷியின் பாடு நம் நாட்டில் மட்டும்தானா? துருக்கி சுல்தானின் அரண்மனையிலும் இதே கதைதான்.

அரபு மொழியில் மொழிபெயர்ப்பாளரைத் 'தர்ஜுமான்' என்பார்கள். இந்தச் சொல்லின் வேர் மூவாயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. பாபிலோன் நாட்டுக் களிமண் பலகைகளிலேயே இதன் பழைய வடிவம் இருக்கிறது. அரபிலிருந்து ஐரோப்பாவுக்குப் போய், இங்கிலீஷில் 'டிராகோமன்' என்று உருமாறிவிட்டது. நம் தமிழுக்கும் அது வந்திருக்கிறது. திருக்குர்ஆன் மொழிபெயர்ப்பைத் தமிழ் முஸ்லிம்கள் 'தர்ஜுமா' என்கிறார்களே, அது இந்தக் குடும்பத்துச் சொல்தான்.

சுல்தானின் தலைமைத் தர்ஜுமானாகப் பெரும்பாலும் கிரேக்கர்களே இருந்தார்கள். ஐரோப்பிய நாடுகளோடு பேச அவர்கள்தான் வேண்டும். 1821-ல் கிரேக்கர்கள் சுல்தானுக்கு எதிராகக் கலகம் செய்தார்கள். அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் கான்ஸ்டன்டைன் மொரூசிஸ். இரண்டு பக்கமும் தெரிந்தவர் எந்தப் பக்கம்? சந்தேகம் வந்துவிட்டது. அவர் தலையை வெட்டிவிட்டார்கள்.

புதுவையில் கசையடி, துருக்கியில் சிரச்சேதம். நடுவில் நிற்பவன் பாடு எங்கும் ஒன்றுதான்!

துரைகள் தமிழ் படித்தார்கள்

துபாஷிகளின் காலம் எப்படி முடிந்தது? அவர்களை யாரும் சண்டை போட்டு விரட்டவில்லை. இரண்டு பக்கமும் படிக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான்.

துபாஷியையே நம்பியிருந்தால் ஆட்சி நடத்த முடியாது என்று கும்பினி கண்டுகொண்டது. 1812-ல் சென்னையில் செயின்ட் ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி தொடங்கிற்று. எல்லிஸ் துரை அதற்கு முன்னின்றவர். அங்கே வெள்ளைக்கார உத்தியோகஸ்தர்கள் தமிழும் தெலுங்கும் படித்துத் தேற வேண்டும். தமிழ், தெலுங்கு, கன்னடம் முதலிய மொழிகள் வடமொழிக்குப் பிறந்தவை அல்ல, தனிக் குடும்பம் என்று 1816-ல் எல்லிஸ் எழுதினார். துபாஷி வேண்டாம் என்று தொடங்கிய படிப்பு எங்கே கொண்டுபோய் விட்டது, பார்த்தீர்களா?

மறுபக்கம், நம்மவர்கள் இங்கிலீஷ் படித்தார்கள். வக்கீல், குமாஸ்தா, ஆசிரியர் என்று ஆயிரக்கணக்கில் வந்துவிட்டார்கள். எல்லாரும் துபாஷி ஆன பிறகு, தனியாக ஒரு துபாஷி எதற்கு? பெரிய வியாபாரக் கம்பெனிகளில் மட்டும் அந்தப் பெயர் கொஞ்ச காலம் ஒட்டிக்கொண்டிருந்தது. பம்பாயில் பார்சிக்காரர் சிலருக்கு அது குடும்பப் பெயராகவே நிலைத்துவிட்டது.

சொல் போயிற்று, வேலை போகவில்லை

சொல் மறைந்தது. ஆனால் அந்தத் தேவை மறைந்துவிட்டதா?

இரண்டாம் உலகப் போர் முடிந்து, 1945-ல் ஜெர்மனியில் நூரம்பர்க் நகரத்தில் நாஜித் தலைவர்கள்மேல் விசாரணை நடந்தது. இங்கிலீஷ், பிரெஞ்சு, ருஷியன், ஜெர்மன் என்று நான்கு மொழிகள். யார் பேசினாலும் அதே நொடியில் மற்ற மூன்று மொழிகளிலும் சொல்லப்பட்டது. குற்றவாளிக் கூண்டில் இருந்தவர்கள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, தங்கள் மொழியிலேயே எல்லாவற்றையும் கேட்டார்கள். உலகமே வெறுத்த கொடியவர்களுக்குக்கூட அந்த உரிமை கிடைத்தது. நைனியப்ப பிள்ளைக்குக் கிடைக்கவில்லை.

இன்று நம் நாட்டுச் சட்டமும் அதைச் சொல்கிறது. குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தெரியாத மொழியில் சாட்சியம் சொல்லப்பட்டால், அவருக்குப் புரியும் மொழியில் அதை எடுத்துச் சொல்ல வேண்டும். மொழி சொல்ல வருகிறவர் உள்ளதை உள்ளபடி சொல்லக் கடமைப்பட்டவர். இரண்டே வரிச் சட்டம்தான். அதன் அருமை கூண்டில் நிற்பவருக்குத்தான் தெரியும்.

கோர்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பாருங்கள். வடநாட்டிலிருந்து வேலைக்கு வந்த தொழிலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். டாக்டர் தமிழில் கேட்கிறார். கூட வந்த தோழர், தெரிந்த அரைகுறைத் தமிழில் பதில் சொல்கிறார். வலி எத்தனை நாளாக என்பதை அவர் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லிவிட்டால், மருந்தே மாறிவிடும். டெலிவிஷனில் செய்தி படிக்கும்போது, ஓரத்தில் ஒருவர் கையாலும் முகத்தாலும் பேசுகிறாரே, பார்த்திருக்கிறீர்களா? காது கேளாதவர்களுக்கு அவர்தான் துபாஷி.

உங்கள் வீட்டிலேயும் ஒரு துபாஷி இருக்கலாம். பாங்கியிலிருந்து இங்கிலீஷில் கடிதம் வந்தால், "இதில் என்ன போட்டிருக்கிறது, படித்துச் சொல்லடா" என்று பாட்டி பேரனைக் கூப்பிடுகிறாள் அல்லவா? அந்தப் பையன் நிதானமாகப் படித்து, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். தெரியாத இடத்தில் தெரியாது என்று சொல்ல வேண்டும். ஏனென்றால், அந்த நேரத்தில் பாட்டிக்குக் கண்ணும் அவன்தான், காதும் அவன்தான்.

இரண்டு மொழி தெரிந்திருப்பது பெரிய செல்வம். அதைவிடப் பெரியது, இரண்டு பக்கமும் நம்பும்படி இருப்பது. துபாஷிகளின் கதை நமக்குச் சொல்வது அதைத்தான்.

அத்துடன் இன்னொன்றும் சொல்கிறது. பிறர் வாயையே நம்பியிருப்பவருக்கு என்றைக்கும் ஆபத்து. பாட்டிக்குக் கடிதத்தைப் படித்துச் சொன்ன பிறகு, பேரன் அவளுக்கு நாலு எழுத்தையும் சொல்லிக் கொடுத்தால் இன்னும் நல்லது!